மலிவு மருந்தின் அறம்: பிபிலே காலத்திலிருந்து பதிவு விலக்கு வரை

வெளிநாட்டு மலிவு மருந்தை இறக்குமதி செய்வது சரியா என்ற விவாதம் இலங்கையில் பெரும்பாலும் 'விலையா, தரமா' என்றே நடக்கிறது. கேள்வியை அப்படிக் கேட்பதே பிழை என்பது என் வாதம். தேவையான மருந்துகளில் ஏறத்தாழ 85 சதவீதத்தை வெளியிலிருந்து, அதிலும் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்து வாங்கும் நாடு மலிவாக வாங்கித்தான் ஆகவேண்டும். இலவச வைத்திய சேவை அதை நம்பித்தான் நிற்கிறது. அறக் கேள்வி அதற்குப் பிறகே எழுகிறது: மருந்து பிழைத்தால் அதை யார் தேடிப்பிடித்துத் திரும்பப் பெறுவார், நோயாளிக்கு யார் பதில் சொல்வார்?

இந்தக் கேள்விக்கு இலங்கை ஒருமுறை நல்ல விடை கண்டிருந்தது. 1971இல் வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயும் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலே அதன் முதல் தலைவர். சந்தையில் இருந்த சுமார் 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயர் முன்னுக்கு வந்தது. உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி, எங்கே மலிவோ அங்கே வாங்கினார்கள். எது வேண்டும் என்று தீர்மானித்தது வணிகரல்ல, வைத்தியர்கள் அடங்கிய குழு. இறக்குமதிக்கு ஒரே வாசல் இருந்ததால் பொறுப்பும் ஒரே இடத்தில் இருந்தது. பிபிலேயைப் புகழ்பவர்கள் விலை குறைந்ததைச் சொல்கிறார்கள். இந்த ஒரே வாசலை அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. 1974இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வேறு நிறுவனத்திடம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்ளின் செய்ய ஃபைசர் முன்வரவில்லை. தேவையான மருந்தைப் பெரும் செலவில் விமானத்தில் தருவிக்க நேர்ந்தது. அமெரிக்கத் தூதுவரே பிரதமர்வரை தலையிட்டார். 1977 ஆட்சிமாற்றத்தோடு இந்த ஏற்பாடு தளர்ந்தது. அதே ஆண்டு பிபிலே கயானாவில் காலமானார். அவர் மறைந்த ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

பிற்காலத்தில் சட்டமும் மலிவின் பக்கமே நின்றது. 2003இல் அறிவுசார் சொத்துச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, மருந்துக்கான கட்டாய உரிமம், இணை இறக்குமதி ஆகிய பாதுகாப்புகள் இல்லாவிட்டால் அது அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரைக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் கண்டது. மலிவு மருந்து கிடைப்பதை நீதிமன்றம் சலுகையாக அல்ல, சமத்துவத்தின் பகுதியாகவே பார்த்தது.

2022 வேறு கதை. பொருளாதார நெருக்கடி, மருந்து வாங்க டொலர் இல்லை. மார்ச் மாத இறுதியில் பேராதனை ஆஸ்பத்திரி அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, உயிர்காக்கவோ தேசிய அவசரநிலையிலோ பதிவு செய்யாத மருந்தையும் அனுமதிக்கலாம் என்கிறது. அந்தப் பதிவு விலக்கு வழியைத் திறந்ததைக் குறைசொல்ல முடியாது. மருந்தில்லாமல் இறப்பதும் இறப்புத்தான். ஆனால் விதிவிலக்கு வழக்கமாகிவிட்டது. 2023இல் நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் இட்ட சொட்டு மருந்தால் நோயாளிகளுக்குப் பார்வைப் பாதிப்பு ஏற்பட்டது. அதே ஆண்டில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் விவகாரம் வெடித்து, முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதானார். குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் வேலை. இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆவணங்களில் பெயர் காட்டப்பட்டிருந்த இந்திய நிறுவனம் அந்த மருந்தைத் தான் அனுப்பவேயில்லை என்றது. 'இந்திய மலிவுச் சரக்கு' என்று ஊர் திட்டிய மருந்து இந்தியாவிலிருந்து வந்ததா என்பதே சந்தேகம். காகிதத்தை யாரும் சரிபார்க்கவில்லை.

இதைப் பயணப்பெட்டியில் வரும் 'பெட்டி மருந்தோடு' வைத்துப் பார்க்கவேண்டும். சென்னைக்குப் போய்வருபவர்கள் சேலையோடு மருந்தையும் கொண்டுவருவது கொழும்புத் தமிழரிடையே புதிதல்ல. வெள்ளவத்தையில் தாய்க்கு நீரிழிவுக் குளிசை, கொட்டாஞ்சேனையில் மாமாவுக்கு இரத்த அழுத்தக் குளிசை. அட்டையில் விலை இந்திய ரூபாயில் அச்சிட்டிருக்கும். இதை வாங்கும் நோயாளியைக் குற்றவாளியாக்குவது கொடுமை. 2022இல் அரசின் அனுமதியோடு மருந்து விலை மார்ச்சில் 29 சதவீதமும், ஏப்ரலில் 60 மருந்துகளுக்கு 40 சதவீதமும் ஏறியபோது அவருக்கு வேறு வழி என்ன? ஆனால் அந்தக் குளிசை புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குள் போய் விற்பனைச் சரக்காகும்போது நிலைமை மாறுகிறது. நாளை அந்தத் தொகுதியை இந்தியா திரும்பப் பெற்றால் செய்தி யாருக்கும் வராது. தரம் நன்றாகவே இருக்கலாம், தடம் இல்லை. பெட்டி மருந்தின் அறக்குறை அதுதான். பதிவு விலக்கில் வாங்கிச் சோதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அரசும் சென்னையிலிருந்து பெட்டியில் சரக்குக் கொண்டுவரும் 'குருவி' செய்ததைத்தான் செய்தது, பெரிய பெட்டியோடு.

ஏழை நாட்டுக்குச் சோதனைக்கு ஏது பணம் என்பார்கள். பணம் மலிவிலேயே இருக்கிறது. விலைகூடிய மருந்துக்குப் பதில் மலிவானதை வாங்கும்போது ஆபத்தைச் சுமப்பவர் நோயாளி. மிச்சத்தில் அவருக்கும் பங்கு உண்டு, அந்தப் பங்கு ஆய்வுகூடச் சோதனையாகவே அவரைச் சேரமுடியும். 2022இல் காம்பியாவில் குழந்தைகள் இந்திய இருமல் பாணியால் இறந்தபின், இந்தியா 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதிக்கு முன் இருமல் பாணியைச் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. அந்த விதி ஏற்றுமதி செய்யும் நாட்டின் கையில் இருக்கிறது, நம் கையில் அல்ல. ஆகவே கொழும்பிலுள்ள தேசிய மருந்துத் தர உறுதிப்பாட்டு ஆய்வுகூடத்துக்கு ஒவ்வொரு கேள்விப்பத்திரப் பெறுமதியிலிருந்தும் ஒரு வீதம் சட்டப்படி போகவேண்டும். பதிவு விலக்கில் வரும் ஒவ்வொரு தொகுதியின் இலக்கமும், அது போய்ச்சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயரும் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகவேண்டும். தாமதமாகும், விலை ஏறும் என்று இறக்குமதியாளர் எதிர்ப்பார்கள். கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஏறிய பின்னும் வணிகப் பெயர் மருந்தைவிட அது மலிவாகவே இருக்கும்.