படப்புத்தகத்துக்கு ஒரு வீடு

மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் வேலை செய்கிற உணவகத்தின் குசினியில் மூன்று பேர். மூவருமே பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறோம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் நூலகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துவரும் புத்தகம் ஒன்றுண்டு. பசித்த மயிர்க்கொட்டியொன்று பழங்களைத் தின்றுகொண்டே போகும். தின்ற இடங்களில் தாளிலேயே ஓட்டை இருக்கும். 1969இல் வந்த அந்தப் புத்தகத்தை வரைந்தவர் எரிக் கார்ல்.

கனடியக் கடவுச்சீட்டு கைக்கு வந்தபின், ஒரு கோடையில் பிள்ளைகளோடு எல்லை கடந்து மசாசூசெற்ஸ் மாநிலத்து அமெர்ஸ்ற் நகருக்குப் போனோம். படப்புத்தக ஓவியத்துக்கென்றே கார்லும் மனைவி பார்பராவும் 2002இல் அமைத்த அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. யப்பானில் இத்தகைய அருங்காட்சியகங்களைக் கண்டபோதுதான் அவர்களுக்கு அந்த எண்ணம் வந்ததாம். ரோக்கியோவில் 1977இலேயே இவாசாகி சிஹிரோ என்ற ஓவியரின் வீட்டிருந்த இடத்தில் அப்படியொன்று திறக்கப்பட்டிருந்தது. 1945 குண்டுவீச்சில் வீடிழந்த அந்தப் பெண், 1973இல் வியட்நாம் போரை நினைத்துப் போர்த்தீயின் நடுவிலுள்ள குழந்தைகளை வரைந்தார்.

கார்லும் போர்ப் பிள்ளைதான் என்பது எங்களுக்குத் தெரியாமலிருந்தது. 1929இல் அமெரிக்காவில் பிறந்தவரை ஆறு வயதில் பெற்றோர் தங்கள் ஊரான ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். காட்டில் கல்லைப் புரட்டிப் பூச்சிகளைக் காட்டித் தந்த தகப்பன் போருக்கு இழுக்கப்பட்டு, சோவியத் சிறையிலிருந்து 1947இல்தான் திரும்பினார். மகனுக்குப் பதினைந்து வயதில் பதுங்குகுழி வெட்டும் வேலை. நாசிகள் தடைசெய்த நவீன ஓவியங்களின் பிரதிகளைச் சித்திர ஆசிரியர் ஒருவர் இரகசியமாக அவருக்குக் காட்டினார். அந்த நிறங்கள் அவரை விட்டுப் போகவேயில்லை. 1952இல் நாற்பது டொலரோடு நியூயோர்க்கில் இறங்கினார். தன் புத்தகங்களின் பளிச்சென்ற நிறங்கள் போர்க்காலச் சாம்பலுக்கு மாற்று என்று பின்னாளில் சொன்னார். 2021இல் காலமானார்.

காட்சிக்கூடத்தில் வெளிச்சம் குறைவு. கூடிய ஒளி பட்டால் தாள் வெளிறிவிடும். கார்ல் பயன்படுத்தியது, எங்களூரில் பட்டத்துக்கு ஒட்டும் ரிசுத்தாள் போன்ற மெல்லிய தாள். அதற்கு நிறம் தீட்டி, வெட்டி, ஒட்டியிருக்கிறார். வெட்டிய விளிம்பும் தூரிகைக் கோடும் கண்ணுக்குத் தெரிகின்றன.

'அப்பா, உங்கட புத்தகம் எங்கை?' என்று மகள் கேட்டாள்.

என்ன சொல்வது? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நாங்கள் பிறந்திருக்கவில்லை. ஏறக்குறைய 97,000 நூல்கள் போனதென்று வீட்டிலே கேட்டு வளர்ந்தோம். எங்களுக்கு வாய்த்தவை பழைய அம்புலிமாமா இதழ்கள். 1947இல் தொடங்கிய அந்த இதழில், பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனைச் சங்கர் வரைந்திருப்பார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது அரிசியும் பாயும் சுமந்தோம். அம்புலிமாமா வீட்டிலேயே கிடந்தது. பின்னர் வன்னியில், பதுங்குகுழிக்குள் இருந்து கொப்பித்தாளில் நாங்கள் வரைந்தவையும் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாய்ப் போயின.

அருங்காட்சியகத்தின் கலைக்கூடத்தில் பிள்ளைகளோடு நாங்களும் கத்தரிக்கோல் எடுத்தோம். ஒருவர் பனைமரம் வெட்டினார். மகள் அதற்கு நீலத்தாள் ஒட்டினாள். பனை நீலமில்லை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டோம். இப்போது அது எங்கள் வீட்டில், வெயில் படாத சுவரில் இருக்கிறது.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் சூட்கேசின் அடியில் பழைய பாலர் பாடப்புத்தகமோ, முகாமில் பிள்ளை கீறிய படமோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மடிக்காமல், வெளிச்சம் படாமல் வைத்திருங்கள். இன்னொரு பிள்ளை கேட்கும்போது எடுத்துக் காட்ட ஏதாவது இருக்கட்டும்.