பித்தநாளப் புற்றுநோய்: கதிர்வீச்சுச் சிகிச்சை

கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் நாளங்களில் தோன்றும் புற்றுக்கட்டியை உயர் ஆற்றல் கதிர்களால் அழிக்கும் அல்லது கட்டுப்படுத்தும் மருத்துவமுறை. நோயை முற்றாக நீக்கும் முதன்மை வழி அறுவையே. கதிர்வீச்சு பெரும்பாலும் அதற்குத் துணை நிற்கிறது.

உடலுக்கு வெளியிலிருந்து செலுத்துவது ஒரு வகை. இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருளைக் குழாய் வழியே நாளத்துக்குள் வைப்பது மற்றொன்று. கதிரளவை உயர்த்துவதற்கு அருகிலுள்ள கல்லீரல், முன்சிறுகுடல், இரைப்பை ஆகியவற்றின் தாங்குதிறனே வரம்பு. மூச்சுவிடும்போது கட்டி இடம்பெயர்வதும் குறிவைப்பதைக் கடினமாக்குகிறது. மஞ்சட்காமாலை இருப்பின் முதலில் ஸ்டென்ட் எனும் சிறுகுழாயைப் பொருத்தி நாள அடைப்பு நீக்கப்படும்.

மிகக் குறிப்பிடத்தக்க பயன் கல்லீரல் மாற்று அறுவையோடு இணைந்தது. இம்முறையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1993இல் தொடங்கியது. கல்லீரல் வாயிலில் தோன்றி, வெட்டியகற்ற இயலாத, 3 செ.மீ.க்கு மேற்படாத, பரவாத கட்டியுடையோருக்கு மட்டும் இது பொருந்தும். கதிர்வீச்சும் ஃபுளூரோயுராசில் எனும் புற்றுநோய் மருந்தும் அளித்தபின் கல்லீரல் மாற்றப்படுகிறது. 12 மையங்களின் 287 நோயாளிகளை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், கல்லீரல் மாற்றப்பட்டோரிடையே நோய் மீளாத ஐந்தாண்டு வாழ்வு 65 விழுக்காடு. இத்தகைய கட்டிக்கு இது வியத்தகு பலன்.

அறுவைக்குப் பின், வெட்டுவிளிம்பில் புற்றணுக்கள் எஞ்சினாலோ நிணநீர்க்கணுக்களுக்குப் பரவியிருந்தாலோ மருந்துடன் கதிர்வீச்சு பரிசீலிக்கப்படும். முற்றிய நிலையில் வலி தணிக்கவும் இது உதவும்.