இருமுறை பிறந்தவர்கள்



செரிபரல் பால்சி எனப்படும் பெருமூளை வாதம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. வளரும் மூளைக்கு, கருவிலோ பிறப்பின்போதோ பிறந்த சில காலத்திலோ நேரும் பாதிப்பால், உடலின் அசைவு கட்டுப்பாட்டை இழக்கும் நிலை அது. 1860களில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், கடினமான பிரசவமே இதற்குக் காரணம் என்றார். 1897இல் சிக்மண்ட் பிராய்டு அதனை ஐயுற்றார். கருவிலேயே நேர்ந்த பாதிப்பின் விளைவாகவும் பிரசவம் கடினமாகியிருக்கலாம் என்பது அவர் கருத்து. 1980களில் வந்த ஆய்வுகள் அவருடைய ஐயத்திற்கு வலுச்சேர்த்தன.

‘ஏன் நேர்ந்தது?’ என்று மருத்துவம் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தேடியது. ‘இனி எப்படி வாழ்வது?’ என்பதோ பெற்றோரின் கேள்வி. அதனை எழுத்தில் எதிர்கொண்டவர்களுள் ஒருவர் இத்தாலிய நாவலாசிரியர் ஜுசெப்பே பொந்திஜ்ஜா. 1934இல் கோமோ நகரில் பிறந்த இவர், இளமையில் வங்கி ஊழியராகப் பணியாற்றினார். இவருடைய மகன் பிறவியிலேயே இக்குறைபாடு உடையவர். அந்தத் தந்தைமை அனுபவத்தைக் கொண்டு இவர் படைத்த ‘நாத்தி துவே வோல்தே’ என்னும் நாவல் 2000ஆம் ஆண்டு வெளிவந்து, 2001இல் கம்பியெல்லோ விருதைப் பெற்றது. ‘இருமுறை பிறந்தவர்கள்’ என்பது அத்தலைப்பின் பொருள்.

இந்நாவலுக்கு முன்பே இத்தாலியில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1971ஆம் ஆண்டின் 118ஆம் எண் சட்டம், மிகக் கடுமையான பாதிப்பு உடையோர் நீங்கலாக, உடற்குறையுள்ள மாணவர்களுக்குப் பொது வகுப்பறைகளைத் திறந்துவிட்டது. 1977ஆம் ஆண்டின் 517ஆம் எண் சட்டம், பொதுப்பள்ளிகளில் இருந்த தனி வகுப்புகளை ஒழித்து, துணை ஆசிரியர்களை அமர்த்த வழிசெய்தது.

சட்டம் பள்ளிக் கதவைத் திறக்கும். மனக்கதவையும் அது திறந்துவிடுமா? நாவல் இங்கேதான் நம்மைத் தொடுகிறது. கதையைச் சொல்லும் தந்தையும் ஓர் ஆசிரியரே. தொடக்கத்தில், ஒரு பேரங்காடியின் நகரும் படிக்கட்டில் அவருடைய மகன் பாவ்லோ தடுமாறி விழுகிறான். சுற்றியிருப்போர் வேடிக்கை பார்க்கின்றனர். தந்தையின் முகத்தில் படர்ந்த கூச்சத்தை மகன் கண்டுகொள்கிறான். தன்னுடன் வர வெட்கமாக இருந்தால் சற்றுத் தள்ளியே நடந்து வரலாம் என்று தந்தைக்கு அவனே வழி சொல்கிறான். விழுந்தவன் மகன்; ஆயினும் தாங்கிப்பிடிக்க வேண்டியிருந்தது தந்தையை அல்லவா!

இக்குழந்தைகளின் முதற்பிறப்பு இயற்கை தருவது. இரண்டாம் பிறப்போ, அவர்களைச் சூழ்ந்திருப்போரின் அன்பையும் அறிவையும் பொறுத்தது. தலைப்பு உணர்த்துவது இதனையே. தந்தையும் மகனோடு சேர்ந்து மறுபடியும் பிறக்க வேண்டியவராகிறார்.

பொந்திஜ்ஜா 2003இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, இயக்குநர் ஜானி அமேலியோ இந்நாவலின் தூண்டுதலால், வேறொரு கதையமைப்பில் ‘வீட்டின் சாவிகள்’ என்னும் பொருள்படும் திரைப்படத்தை உருவாக்கினார்.

மற்ற பிள்ளைகளைப் போல் நடக்கிறானா, அவர்களைப் போல் எழுதுகிறானா என்று அளந்து பார்ப்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இயல்பாகிவிட்ட பழக்கம். அந்த அளவுகோலைத் தந்தை சிறிது சிறிதாகக் கீழே வைப்பதே இந்நாவலின் பயணம். அதனைக் கீழே வைத்த பிறகுதான் பாவ்லோ என்னும் பிள்ளை அவர் கண்ணுக்குத் தெரிகிறான். நம் வகுப்பறைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் இரண்டாம் பிறப்பிலும் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சிந்திப்போம்.