அயல் கிணறும் எங்கள் நீர்க் கணக்கும்

காணிக்கு வேலி உண்டு. காணிக்குக் கீழே இருக்கும் நீருக்கு வேலி இல்லை. ஒரு கிணற்றில் இறைக்கும்போது அதைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் இறங்குகிறது. அந்தப் புனல் அயல் காணிவரை விரிந்தால் அயலவரின் நீரும் எங்கள் கிணற்றுக்கு வரும். 'நான் விட்டுவைத்தால் அவன் எடுத்துவிடுவான்' என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

இந்த எண்ணம் இறைப்பை எவ்வளவு கூட்டுகிறது என்பதை அமெரிக்காவின் மேற்குக் கன்சாஸில் அளந்திருக்கிறார்கள். ஒகல்லாலா நீர்ப்படுகையை நம்பிச் சோளமும் கோதுமையும் விளையும் வறண்ட பூமி அது. அங்கே கிணற்றின் இடமும் அனுமதிக்கப்பட்ட நீரின் அளவும் பதிவில் உள்ளன. ஆண்டுதோறும் இறைத்த அளவையும் விவசாயி அரசுக்கு அறிவிக்க வேண்டும். கணக்குப் புத்தகம் இருப்பதால் கணக்காய்வும் சாத்தியமாயிற்று.

ஆனால் ஒரு சிக்கல். அயல் கிணறுகள் இரண்டிலும் இறைப்பு ஒன்றாகக் கூடினால், ஒருவரைப் பார்த்து மற்றவர் இறைத்தார் என்று சொல்லிவிட முடியாது. மழை, மண், பயிர் எல்லாம் இருவருக்கும் ஒன்றே. லிசா ஃபைஃபர், சிந்தியா லின் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. அயலவரின் அனுமதி அளவு முன்பே தீர்மானிக்கப்பட்டது. இந்த ஆண்டின் மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அனுமதி கூடிய அயலவர் பொதுவாகக் கூடுதலாக இறைப்பார். அந்தக் கூடுதல், பக்கத்து விவசாயியின் இறைப்பையும் கூட்டுகிறதா என்று அவர்கள் பார்த்தார்கள்.

கூட்டியது. மேற்குக் கன்சாஸில் ஆண்டுதோறும் இறைக்கப்படும் நீரில் 2.5 வீதம் இந்த அயல் தாக்கத்தால் மிகையாக எடுக்கப்படுகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. சிறிய தொகைதான். ஆனால் மழையால் மிக மெதுவாகவே நிரம்பும் படுகையில் அது வட்டியில் அல்ல, முதலில் விழும் செலவு. பல கிணறுகளுக்குச் சொந்தக்காரர் ஒரு கிணற்றில் கூட்டினால் மற்றதில் குறைத்துக்கொள்கிறார் என்பதும் தெரியவந்தது. இரண்டும் தன்னுடையது என்றால் மனிதர் தானாகவே கணக்குப் பார்க்கிறார்.

அயலவர்கள் சேர்ந்தும் அப்படிக் கணக்குப் பார்க்கலாம். அதே மாநிலத்தின் ஷெரிடன் பகுதி விவசாயிகள் 20 வீதக் குறைப்பைத் தாங்களே முன்மொழிந்து, 2013 முதல் நடைமுறைப்படுத்தி, இலக்கையும் தாண்டினார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர், உவர் நீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் மட்டம் இறங்குவதோடு உவரும் மேலேறும். எங்கள் காணி உறுதிகளில் பங்குக் கிணற்றின் பங்கும் எழுதப்பட்டிருக்கும். முறை வைத்து இறைத்த சமூகம் நாங்கள். ஆனால் அந்தப் பங்கு ஒரே கிணற்றுக்குள் மட்டும்தான். அடுத்த காணியில் அடிக்கும் குழாய்க்கிணற்றை எந்த உறுதியும் கட்டுப்படுத்தாது.

ஊரிலுள்ள காணியில் குழாய்க்கிணறு அடிக்கக் காசு அனுப்புகிறவர்கள், ஆழத்தையும் செலவையும் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். சுற்றிவர எத்தனை கிணறுகள் உள்ளன, கோடையில் அவற்றின் தண்ணீர் உவர்க்கிறதா என்றும் கேளுங்கள். கீழே இருப்பது கூட்டுக் கணக்கு. காசோலையில் ஒருவர் கையெழுத்திட்டாலும் மீதி எல்லோருக்கும் குறைகிறது.