நீலக்கண் பொம்மைகள்: கடல் கடந்த 12,739 பரிசுகள்

1926ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பல ஊர்களில் பள்ளிச் சிறுமியர் பொம்மைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தனர். அந்தப் பொம்மைகள் அவர்கள் வைத்து விளையாடுவதற்கானவை அல்ல. தாங்கள் ஒருநாளும் பார்த்திராத ஜப்பானியக் குழந்தைகளுக்கு அனுப்புவதற்கானவை. இப்படி 12,739 பொம்மைகள் கப்பலேறின. அமெரிக்கர்கள் அவற்றை நட்புப் பொம்மைகள் என்றனர். ஜப்பானில் 1921இல் நொகுச்சி உஜோ எழுதிய சிறுவர் பாடலின் தலைப்பை ஒட்டி நீலக்கண் பொம்மைகள் என்ற பெயர் நிலைத்தது.

பின்னணி

1924இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் அங்கே குடியேறுவதை அறவே தடுத்தது. ஜப்பானில் இது பெரும் அவமானமாகக் கருதப்பட்டது. ஜப்பானில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் சமயப் பணியாற்றித் திரும்பியிருந்த சிட்னி குலிக் என்பவர் இச்சட்டத்தை எதிர்த்து எழுதியும் பேசியும் பார்த்தார்; பயனில்லை. பெரியவர்களிடம் தோற்ற பிறகுதான் அவர் குழந்தைகளிடம் போனார் என்று சொல்லலாம். ஜப்பானில் மார்ச் 3 சிறுமியருக்கான பொம்மைத் திருநாள். சிவப்புத் துணி விரித்த படிகளில், நம் கொலுவைப் போலவே, பொம்மைகளை அடுக்குவார்கள். அந்த நாளுக்குள் அமெரிக்கப் பொம்மைகள் போய்ச் சேரவேண்டும் என்பது அவருடைய திட்டம்.

குழந்தைகள் செய்த வேலை

வேண்டாத பொம்மைகளைக் கழித்துவிடும் ஏற்பாடாக இது இருக்கவில்லை. பொம்மை புதியதாக இருக்கவேண்டும், உள்ளாடை முதல் காலணி வரை கவனமாக உடுத்தியிருக்கவேண்டும் என்பது விதி. பள்ளியில் பொம்மை சேகரித்த ஆசிரியர் எவருக்கும் இவ்விதியின் அருமை தெரியும். முதல் நாள் வந்து சேர்வது சக்கரம் கழன்ற கார், கை போன கரடி. தனக்குப் பிடித்த ஒன்றைக் குழந்தை எடுத்துவர இரண்டு வாரமாவது ஆகும். சிலர் எடுத்துவந்துவிட்டு மாலையில் திரும்பக் கேட்பார்கள்.

இங்கே குழந்தைகள் காசு திரட்டிப் பொம்மையை வாங்கினார்கள். படுக்கவைத்தால் கண் மூடும், சாய்த்தால் 'மாமா' என்று குரல் கொடுக்கும் வகை அது. பெயர் வைத்தார்கள், துணி தைத்தார்கள், உடன் அனுப்பக் கடிதம் எழுதினார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் 99 காசுக்கு ரயில், கப்பல் பயணச்சீட்டும் 1 காசுக்குக் கடவுச்சீட்டும் வாங்கவேண்டும். சிறுவர்களுக்கும் இதில் பங்கிருந்தது. புறப்படும் முன் வழியனுப்பு விழாக்கள் நடந்தன. தைத்தது, எண்ணியது, எழுதியது, வரைபடத்தில் ஜப்பானைத் தேடியது எல்லாமே பாடம்தான். ஆனால் மாதக்கணக்கில் கையில் வைத்துப் பழகிய ஒன்றை விழா எடுத்து வழியனுப்பியதே அவற்றில் கடினமான பாடமாக இருந்திருக்கும்.

மறுபரிசு

1927 மார்ச் 3 அன்று டோக்கியோவில் வரவேற்பு விழா நடந்தது. வரவேற்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் 86 வயதான தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சி (2024இல் வெளியான 10,000 யென் தாளில் இருப்பது இவர் முகம்தான்). பொம்மைகள் நாடெங்கும் மழலையர் பள்ளிகளுக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும் பிரித்தளிக்கப்பட்டன.

பொம்மை பெற்ற பள்ளிகளின் சிறுமியர் தலைக்கு ஒரு சென், அதாவது யென்னில் நூறில் ஒரு பங்கு, கொடுத்தார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு கைதேர்ந்த கலைஞர்கள் 58 பொம்மைகள் செய்தனர். ஒவ்வொன்றும் சுமார் 80 சென்டிமீட்டர் உயரம்; பட்டுக் கிமோனோ, மனிதத் தலைமுடி, கூடவே குட்டி அலமாரியும் தேநீர்ப் பாத்திரங்களும். அந்த ஆண்டு இறுதியில் இவை அமெரிக்கா சென்று, பல நகரங்களைச் சுற்றிய பின் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. 12,739க்கு 58 என்பது குறைவாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்கக் குழந்தைகள் அனுப்பியவை கையில் எடுத்துக் கொஞ்சத்தக்கவை. ஜப்பானிலிருந்து வந்தவையோ பார்த்து வியக்க மட்டுமே உரியவை. எனக்கு முதல் வகைதான் குழந்தைகளின் பரிசாகப் படுகிறது.

போர்க்காலம்

குடியேற்றத் தடை விலக 1952 வரை ஆயிற்று. அதற்குள் போர் வந்துவிட்டது. 1943இல் ஒரு ஜப்பானிய நாளிதழ் இப்பொம்மைகளை எதிரியின் உருவங்களாகச் சித்திரித்தது. அஓமொரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், பொம்மையை என்ன செய்யலாம் என்று மாணவர்களைக் கேட்டதாகவும் அச்செய்தி சொன்னது. எரிக்கவேண்டும், உடைக்கவேண்டும் என்றவர்களே மிகுதி. திருப்பி அனுப்பிவிடலாம் என்றவர்களும் இருந்தார்கள். பல பள்ளிகளில் பொம்மைகளைக் குழந்தைகளின் கண்முன்னே எரித்தார்கள், மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள்.

இதைக் காட்டி, பொம்மை அனுப்பியதே வீண் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. 1927இல் பொம்மையை வரவேற்கச் சொன்னவர்களும் பெரியவர்கள்; 1943இல் எரிக்கச் சொன்னவர்களும் பெரியவர்கள். 'என்ன செய்யலாம்' என்று வகுப்பில் கேட்கும்போதே எந்த விடையை எதிர்பார்க்கிறார்கள் என்பது குழந்தைகளுக்குத் தெரிந்துவிடும். அந்த மாணவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

எல்லா ஆசிரியர்களும் ஆணைக்கு இணங்கவில்லை. சிலர் பொம்மையைத் துணியில் சுற்றிக் கூரைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஒளித்துவைத்தார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் தேசத்துரோகி என்ற பழி வரும் காலம் அது. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, பழைய பள்ளிக் கட்டடங்களைச் சுத்தம் செய்யும்போது அவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. இன்று ஜப்பானில் எஞ்சியிருப்பவை 300க்குச் சற்று மேல். குலிக்கின் பேரனான கணிதப் பேராசிரியர் 1980களில் மீண்டும் ஜப்பானியப் பள்ளிகளுக்குப் பொம்மைகள் அனுப்பத் தொடங்கினார். அவற்றுக்கான உடைகளைத் தைத்தவர் அவருடைய மனைவி.