ஐ.பி.எம். தனிக்கணினியின் நினைவகம்: விரிவாக்கமும் பழுதறிதலும்

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட 5150 தனிக்கணினியில் பயனரே நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பழுதான சில்லை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். எந்தச் சில்லு கெட்டது என்பதைக் கணினியே திரையில் எண்ணாகக் காட்டியது. 1990களின் நடுவில் பெரும்பாலான மேசைக்கணினிகள் இந்த எச்சரிக்கும் திறனை இழந்தன.

ஒன்பதாவது சில்லு

முதல் தாய்ப்பலகையில் நினைவகச் சில்லுகளுக்கு நான்கு வரிசைகள் இருந்தன. வரிசைக்கு ஒன்பது சில்லுகள், ஒவ்வொன்றும் 16 கிலோபிட். முதல் வரிசை பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது, மற்ற மூன்றும் சாக்கெட்டுகள். 16 கிலோபைட் கணினியை வாங்கியவர் பின்னர் ஒன்பது ஒன்பதாகச் சில்லுகளைச் செருகி 64 கிலோபைட் வரை செல்லலாம். அதற்கு மேல் விரிவாக்க அட்டைகள் தேவைப்பட்டன. ஏ.எஸ்.டி. நிறுவனத்தின் சிக்ஸ்பேக் பிளஸ் அட்டை 384 கிலோபைட் வரை தாங்கியது.

ஒரு பைட்டுக்கு எட்டு பிட் போதும். ஒன்பதாவது சில்லு பாரிட்டி பிட்டுக்கு உரியது. எழுதப்படும் எட்டு பிட்டுகளில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதை அது குறித்துவைக்கும். படிக்கும்போது கணக்கு பொருந்தாவிட்டால் கணினி ‘பாரிட்டி செக்’ என்று காட்டி நின்றுவிடும். செய்துகொண்டிருந்த வேலை போய்விடும் என்பது பயனருக்கு எரிச்சல்தான். ஆனால் தவறான தொகை சத்தமில்லாமல் வட்டில் பதிவாவதைவிட அது மேல். இந்த அச்சத்துக்கு ஆதாரமும் இருந்தது. சில்லின் உறைப்பொருளில் கலந்திருக்கும் நுண்ணளவு யுரேனியமும் தோரியமும் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளைப் புரட்டுகின்றன என்பதை இன்டெலின் டிமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் 1978-ல் காட்டியிருந்தனர்.

பிழை எண் 201

கணினியை இயக்கியதும் நடக்கும் சோதனையில் நினைவகப் பழுது 201 என்ற எண்ணுடன் தெரியும். அதற்கு முன்னால் வரும் நான்கு இலக்கங்கள்தான் முக்கியம். 16 கிலோபிட் சில்லுகள் கொண்ட பலகையில் ‘0440 201’ என்று வந்தால், 04 இரண்டாம் வரிசையையும் 40 ஆறாம் பிட்டையும் குறிக்கும். பிட்டுகள் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணப்படும். அந்த ஒரு சில்லை மட்டும் மாற்றினால் போதும். பற்றவைத்த முதல் வரிசை கெட்டால் மட்டும் திரையில் எதுவும் வராது, கணினி செத்ததுபோல் கிடக்கும்.

201 வந்த எல்லா நேரமும் சில்லு கெட்டுவிடவில்லை. நினைவக அளவைத் தாய்ப்பலகையின் சிறு ஸ்விட்சுகளில் குறிக்க வேண்டும். இருப்பதைவிட அதிகமாகக் குறித்தாலும் இதே பிழைதான். சூடேறி ஆறும்போது சில்லுகள் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலெழுவதும் உண்டு. கட்டைவிரலால் அழுத்திவிட்டால் சரியாகிவிடும்.

எச்சரிக்கை மறைந்தது

சில்லுகளைச் சிறு பலகையில் வரிசையாகப் பதித்த சிம் தொகுதிகளை வாங் லேபரட்டரீஸ் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது. செருகுவது எளிதாயிற்று. ஆனால் எட்டுக்கு ஒன்று கூடுதல் சில்லு என்பது செலவு. பாரிட்டியைச் சேமிக்காமல், படிக்கும்போது புதிதாகக் கணக்கிட்டு எப்போதும் ‘சரி’ என்று சொல்லும் போலிப் பாரிட்டித் தொகுதிகளும் சந்தைக்கு வந்தன. அவை கணினியைத் திருப்திப்படுத்தின, பயனரைக் காக்கவில்லை. இன்டெல் 1995-ல் வெளியிட்ட 430எஃப்எக்ஸ் சிப்செட் பாரிட்டியை ஆதரிக்கவே இல்லை. வழங்கிகளில் பிழைதிருத்தும் நினைவகம் தொடர்ந்தது.

மேசைக்கணினியில் பழுதைத் தேடுவது இதனால் பயனரின் வேலையாயிற்று. கிறிஸ் பிராடி 1994-ல் எழுதிய மெம்டெஸ்ட்86 நிரல், இயங்குதளம் இல்லாமலே இயங்கி, வெவ்வேறு வடிவங்களை எழுதிப் படித்து, அண்டைப் பிட்டுகள் ஒன்றையொன்று கெடுக்கின்றனவா என்று பார்க்கிறது. பிழை வந்தால் தொகுதிகளை ஒவ்வொன்றாக மட்டும் வைத்து, இடம் மாற்றிச் சோதிக்கிறார்கள். பிழை தொகுதியோடு நகர்ந்தால் தொகுதி கெட்டது. இடத்திலேயே நின்றால் தாய்ப்பலகையைச் சந்தேகிக்க வேண்டும். பழைய கணினிகளில் தங்கமுலாம் பூசிய தொகுதியை வெள்ளீயமுலாம் பூசிய சாக்கெட்டில் செருகியதால் காலப்போக்கில் தொடுமுனை அரித்து இதே குறி காட்டியதுண்டு.

2020-ல் வெளியான டிடிஆர்5 தரவரையறை, சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தத்தைக் கொண்டுவந்தது. சில்லுக்கும் செயலிக்கும் இடைப்பட்ட பாதையில் நேரும் பிழைகள் அதன் எல்லைக்கு வெளியே உள்ளன.