புகார் சொல்ல ஓர் இடம்: 1941 கிள்ளான் முதல் 2024 தீர்ப்பாயம் வரை



ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற பெண்பிள்ளைகள் பலர் இன்று ஸ்கூடாயிலும் பாரிட் ராஜாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கும், ஜொகூர் பாருவின் தனியார் கல்லூரிகளுக்கும், ஆசிரியர் பயிற்சிக் கழகங்களுக்கும் செல்கின்றனர். வீட்டை விட்டு விடுதிக்குச் செல்லும் மகளிடம் பணத்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் பேசுகிறோம். விரிவுரையாளரோ, பயிற்றுநரோ, உடன் பயில்பவரோ தகாத முறையில் நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் பேசுவதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்ற அச்சமும் நம்மிடையே ஆழமாக வேரூன்றி நிற்கிறது.

இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை வென்ற முயற்சிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. குற்றம் நிகழ்ந்த இடத்தின் அதிகாரத்திற்கு உள்ளேயே புகாரைக் கேட்கும் செவியும் இருந்தவரை, புகார் சொன்னவரே தண்டனை பெற்றார். அந்தச் செவியைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவந்ததே கடந்த எண்பது ஆண்டுகளின் சாதனையாகும்.

தோட்டத்து முறையீடு

இந்நாட்டில் நம்மவர் எழுப்பிய முறையீட்டிலிருந்தே தொடங்குவோம். 1941ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்தில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அவர்களை வழிநடத்தியவர்களுள் முக்கியமானவர். அவர்களுடைய கோரிக்கைகளைக் கூலி உயர்வுப் போராட்டம் என்றே பலரும் நினைவுகூர்கின்றனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், துரைமார் முன்னிலையில் மிதிவண்டி ஓட்டிச் செல்லும் உரிமை ஆகியவை அப்பட்டியலில் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. ஐரோப்பியத் துரைமாரும் அவர்களைப் போலவே அதிகாரம் செலுத்திய ஆசியப் பணியாளரும் தொழிலாளர் குடும்பப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிறுத்தப்பட வேண்டும் என்பதே அது.

இதனை ஒரு கோரிக்கையாக எழுத நேர்ந்தது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கொடுமை நேர்ந்தால் அவள் முறையிட வேண்டிய இடம் கங்காணி. அவருக்கு மேல் கிராணி. அவருக்கும் மேல் துரை. குடியிருக்கும் வீடும் உண்ணும் அரிசியும் அந்த வரிசையின் கையில் இருந்தன. குற்றம் செய்தவரும் அதே வரிசையில் இருந்தார். தனியொருத்தியாகச் சொல்ல முடியாததை ஊரே கூடிச் சொன்னது. அதற்குக் கிடைத்த மறுமொழி கொடியது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அந்தத் தொழிலாளர் தலைமுறையின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளுமே இன்று கல்லூரி மாணவியர். இடம் மாறியது. ஆயினும் மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், விடுதி அறை ஆகியவற்றைத் தம் கையில் வைத்திருப்பவரைப் பற்றி அவருடைய சகாக்களிடமே முறையிட வேண்டிய நிலை கல்லூரிகளிலும் நீடித்தது.

கல்லூரியில் எழுந்த முதற் கேள்வி

கல்லூரியில் நிகழும் பாலியல் தொல்லைக்கு முறையான புகார் வழி வேண்டும் என்ற கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுசென்ற புகழ்பெற்ற வழக்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எழுந்தது. 1977ஆம் ஆண்டில் மாணவியர் சிலர் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். கல்வியில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தையே அவர்கள் துணைக்கொண்டனர். பாலியல் தொல்லையும் ஒருவகைப் பாகுபாடே என்பது அவர்களது வாதம். ஆசிரியரின் தவறான நடத்தையால் ஒரு மாணவி பாடத்தைக் கைவிட்டால், உடன் பயிலும் மாணவனுக்குக் கிடைக்கும் கல்வி அவளுக்குக் கிடைக்காமற் போகிறது அன்றோ! அவர்கள் பெரும்பணம் கேட்கவில்லை. புகார்களைக் கேட்டு விசாரிக்க ஒரு நடைமுறை வேண்டும் என்றே கேட்டனர்.

1980ஆம் ஆண்டில் மேல்முறையீட்டிலும் மாணவியர் தோற்றனர். ஆனால் வழக்கு முடிவதற்கு முன்னரே யேல் பல்கலைக்கழகம் அத்தகைய நடைமுறை ஒன்றை ஏற்படுத்திவிட்டது. பிற பல்கலைக்கழகங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

வெளியாள் ஒருவர் வேண்டும்

அடுத்த படி இந்தியாவில் எடுத்துவைக்கப்பட்டது. இராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி என்னும் கிராமப் பெண், குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றதற்காக 1992ஆம் ஆண்டில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இக்கொடுமையைத் தொடர்ந்து மகளிர் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாடிய வழக்கே 'விசாகா வழக்கு' எனப்படுகிறது.

1997 ஆகஸ்ட் 13ஆம் நாள் வெளிவந்த அத்தீர்ப்பு, பணியிடந்தோறும் புகார்க் குழு அமைக்கப்பட வேண்டும் என்றது. அக்குழுவிற்குப் பெண் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். உறுப்பினர்களுள் பாதிக்குக் குறையாதோர் பெண்களாக இருத்தல் வேண்டும். மேலிடத்து அழுத்தத்தைத் தவிர்க்க வெளியமைப்பைச் சேர்ந்த ஒருவரும் இடம்பெற வேண்டும். இறுதியாகக் கூறிய விதியை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 1941இல் கிள்ளான் தோட்டத்துப் பெண்ணுக்கு இல்லாமற்போனது அந்த வெளியாள்தான்.

2013ஆம் ஆண்டில் இது சட்டமாயிற்று. உயர்கல்விக்கூடங்களுக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிமுறைகள் 2016இல் நடைமுறைக்கு வந்தன. மாணவர் தொடர்பான புகார் எனில் மாணவப் பிரதிநிதிகளும் குழுவில் இருக்க வேண்டும், துணைவேந்தர், பதிவாளர் போன்ற உயர் நிர்வாகிகள் அதில் இருத்தல் கூடாது என அவை விதித்தன.

கலாக்ஷேத்ரா கற்பித்த பாடம்

விதி இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதைச் சென்னைத் திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்ரா காட்டியது. 1936ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய அக்கலைக்கூடம், பரதநாட்டியம் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் நன்கு தெரிந்த பெயர். நாடாளுமன்றத்தின் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

அங்கே பாலியல் தொல்லை நிகழ்வதாக எழுந்த குற்றச்சாட்டுகளை 2023 மார்ச் மாதத்தில் நிறுவனம் ஆதாரமற்றவை என்று ஒதுக்கியது. அம்மாத இறுதியில் மாணவ மாணவியர் வளாகத்தில் அமர்ந்து போராடினர். பாலியல் தொல்லையோடு, உடல் தோற்றம், நிறம், சாதி ஆகியவற்றைக் குறித்த இழிசொற்களையும் அவர்கள் குற்றச்சாட்டாக முன்வைத்தனர். மார்ச் 31ஆம் நாள் தமிழ்நாடு மாநில மகளிர் ஆணையத்தின் தலைவர் நேரில் வந்து கேட்டபோது ஏறத்தாழ நூறு பேர் எழுத்து வடிவில் முறையிட்டனர். ஏப்ரல் 3ஆம் நாள், முன்னாள் மாணவி ஒருவரின் புகாரின்பேரில் ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதியரசர் கே. கண்ணன், முன்னாள் காவல்துறைத் தலைமை இயக்குநர் லத்திகா சரண், மருத்துவர் ஷோபா வர்த்தமான் ஆகியோரைக் கொண்ட விசாரணைக் குழுவும் அறிவிக்கப்பட்டது.

ஒருவரின் குற்றத்தை உறுதி செய்வது நீதிமன்றத்தின் பணி. அதில் நாம் முந்திக்கொள்ளக் கூடாது. நமக்குரிய பாடம் வேறு. உள்ளே கேட்டபோது 'ஒன்றுமில்லை' என்று வந்த விடை, வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்டதும் ஒரே நாளில் நூறு கடிதங்களாக மாறியது. குருவைத் தெய்வமாகப் போற்றும் மரபு நமக்குப் பெருமையே. ஆயினும் அம்மரபு மாணவியின் வாயை அடைக்கும் பூட்டாக மாறுமானால், இழிவு அடைவது அம்மரபே.

நம் நாட்டுச் சட்டங்கள்

இனி மலேசியாவிற்கு வருவோம். 1999ஆம் ஆண்டில் மனிதவள அமைச்சு, வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான நன்னடத்தை நெறிகளை வெளியிட்டது. நிறுவனங்கள் விரும்பினால் மட்டுமே அவற்றைப் பின்பற்றலாம் என்ற நிலை இருந்தது. 2001இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில், பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்பது சேர்க்கப்பட்டது. 2012இல் வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டுப் பாலியல் தொல்லை குறித்த பகுதி இடம்பெற்றது.

பாகுபாட்டிற்கு எதிரான பிரிவைச் சோதித்துப் பார்த்தவர் ஓர் ஆசிரியை என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. 2009 ஜனவரியில் தற்காலிக ஆசிரியையாகத் தேர்வு பெற்ற ஒருவரின் நியமனம், அவர் கருவுற்றிருந்த காரணத்தால் மீட்டுக்கொள்ளப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். அது பால் அடிப்படையிலான பாகுபாடே என ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

பாலியல் தொல்லை பற்றிய மற்றொரு வழக்கு 2016 ஜூன் 2ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிவுற்றது. ஓர் அரசு சார்ந்த வாரியத்தில் பணியாற்றிய பெண்மணி, தம் மேலதிகாரியின் ஆபாசப் பேச்சைக் குறித்து 2009இல் புகார் செய்தார். அதிகாரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. உடனே அந்த அதிகாரி, புகார் செய்தவர் மீதே வழக்குத் தொடுத்தார். புகார் செய்தவர் நீதிமன்றத்தில் பிரதிவாதியாக நின்றார்! அவர் மனந்தளராமல் எதிர்வழக்குத் தொடுத்து வென்றார். 120,000 வெள்ளி இழப்பீடும் பெற்றார். பாலியல் தொல்லைக்காக நேரடியாக வழக்குத் தொடுக்கும் உரிமை மலேசியாவில் இத்தீர்ப்பினாலேயே உறுதியாயிற்று. ஆனால், அதற்கு அவர் ஏழு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஓர் இடைவெளி இருந்தது. 1999ஆம் ஆண்டு நெறிகளும் 2012ஆம் ஆண்டுத் திருத்தமும் வேலையிடத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மாணவி என்பவள் ஊழியர் அல்லள். ஆகவே அவளுடைய புகார் அவளுடைய கல்லூரியின் நல்லெண்ணத்தையே பெரிதும் நம்பியிருந்தது. காவல் நிலையம் உண்டு. ஆனால் சொற்களாலும் குறிப்புகளாலும் நிகழும் தொல்லையோடு அங்கே செல்ல எத்தனை பேர் துணிவர்?

மகளிர் அமைப்புகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோரிய பின், 2022ஆம் ஆண்டில் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது ஊழியர், மாணவர் என்று வேறுபாடு பாராட்டுவதில்லை. ஆண், பெண் இருபாலரும் முறையிடலாம். அச்சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச் 8ஆம் நாள் செயற்படத் தொடங்கியது. விசாரணை பொதுமக்கள் பார்வைக்கு வராமல் நடைபெறும். பொதுவாக வழக்கறிஞர் இன்றியே வாதிடலாம். முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாள்களுக்குள் முடிவு கூறப்பட வேண்டும். 250,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்கவும், மன்னிப்புக் கேட்கப் பணிக்கவும் அதிகாரம் உண்டு. புகார் செய்தவரைப் பழிவாங்குவதற்கு எதிரான பாதுகாப்பு சட்டத்தில் இடம்பெறவில்லை என்று மகளிர் அமைப்புகள் அப்போதே குறைகூறின. அது நியாயமான குறையே. எனினும் கேட்கும் செவி முதன்முறையாகக் கல்லூரி மதிலுக்கு வெளியே சட்டப்படி அமைந்துவிட்டது.

நாம் செய்யத்தக்கவை

வரலாற்றை அறிவதன் பயன் நடத்தையில் தெரிய வேண்டும்.

ஒன்று: பிள்ளை சொல்லும்போது, 'நீ ஏன் அங்கே போனாய்?' என்ற கேள்வியைத் தவிர்ப்போம். பிள்ளை முதலில் முறையிடும் இடம் வீடுதான். அங்கே கதவு அடைபட்டால் வேறு எங்கும் அவள் தட்டமாட்டாள்.

இரண்டு: நாள், நேரம், இடம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை உடனே எழுதிவைக்கச் சொல்வோம். கைப்பேசிச் செய்திகளை அழிக்கவிடக் கூடாது.

மூன்று: 'குடும்ப மானம்' என்று கூறி ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமரசம் பேசுவதைக் கைவிடுவோம். அது பழைய கங்காணி முறையின் மறுபிறவியே. முறையான விசாரணை பொய்க் குற்றச்சாட்டிலிருந்து நிரபராதியையும் காக்கும். வதந்தியோ இருவரையும் அழிக்கும்.

நான்கு: பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காப்போம். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வன்கொடுமைக்கு ஆளான மாணவியின் விவரங்கள் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை வழியே கசிந்தன. அதற்காக அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காவல் நிலையத்தில் கசிந்தாலும் புலனக் குழுவில் கசிந்தாலும் மாணவிக்கு ஏற்படும் காயம் ஒன்றே.

ஐந்து: ஆசிரியர்களுக்குச் சட்டக் கடமையும் உண்டு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தெரிந்தும் தெரிவிக்காதிருப்பது 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றங்கள் சட்டப்படி குற்றமாகும். ஆசிரியர், விரிவுரையாளர், பயிற்றுநர் போன்ற நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவரே குற்றம் செய்தால் கூடுதல் தண்டனையும் அச்சட்டத்தில் உண்டு. உதவி தேவைப்படுவோர் காவல் நிலையத்தையோ 15999 என்ற தாலியான் காசே எண்ணையோ அணுகலாம்.

கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் அன்று தங்கள் கோரிக்கைப் பட்டியலில் பெண்களின் மானத்தைக் கூலிக்கு இணையாக எழுதினார்கள். எழுத்தறிவு குறைந்த காலத்தில் அவர்களுக்கு இருந்த தெளிவு, பட்டம் பெற்ற நமக்கும் இருக்க வேண்டும். இவ்வாண்டு உயர்கல்விக்குப் புறப்படும் ஒவ்வொரு பிள்ளையிடமும், மகனாயினும் மகளாயினும், புகார் சொல்ல ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லி அனுப்புவோம்.